எரிஞ்சதா, கட்டுறதா?

மகள்,

பெட்டி நாளைக் காலை இங்கிருந்து புறப்படுகிறது. சிக்காகோவில் அதைத் திறந்ததும், படங்களுக்கு மேலே இந்தக் கடிதம்தான் முதலில் உன் கையில் படும். வேண்டுமென்றேதான் அப்படி வைக்கிறேன். படங்களை எண்ணிப் பார்ப்பதற்கு முன் இதை முழுதாக வாசித்துவிடு. எண்ணிவிட்டு உடனே ரெலிபோனைத் தூக்காதே. உன் கோபம் எனக்குத் தெரியும், அது என்னிடமிருந்துதான் உனக்கு வந்தது. உறையை நான் ஒட்டப்போவதில்லை. நான் எழுத எழுத உன் அம்மா பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருக்கிறாள், மாப்பிள்ளையும் தாராளமாக வாசிக்கலாம். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்பதால் கொஞ்சம் பெரிதாக எழுதுகிறேன். பிரெஞ்சில் எழுதினால் உனக்குச் சுகம். ஆனால் என் பிரெஞ்சு பொன்ஜூரில் தொடங்கி மெர்சியில் முடிந்துவிடும், நடுவில் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

பெட்டியை நான்தான் செய்தேன். மொன்றியலில் இந்த லாசால் பக்கம் குடிவந்த காலம் தொடக்கம் அந்தத் தொழிற்சாலையில் ஊரார் சாமானுக்கெல்லாம் அட்டைப்பெட்டி செய்தவன், முதல் தடவையாக என் வீட்டுச் சாமானுக்கு ஒன்று செய்திருக்கிறேன். இரட்டை அட்டை. மூலைகளுக்குத் தனியாகக் காப்பு வைத்திருக்கிறேன். கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தடித்த கடதாசி. மேற்பார்வையாளர் வந்து உள்ளே என்ன போகப்போகிறது என்று கேட்டார். அமெரிக்காவின் மாடிக் கட்டிடங்கள் என்றேன். இவ்வளவு சின்னப் பெட்டியிலா என்று சிரித்துவிட்டு, மிஞ்சின அட்டையையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆகவே வழியில் ஏதாவது உடைந்தால் அது பெட்டியின் குற்றமாக இருக்காது.

முதல் படம் வீட்டுக்கு வந்த நாளை நீ மறந்திருப்பாய். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாசி மாதத்துக் குளிரில், நொத்ர்-டாம் தெருவில் பழைய சாமான் விற்கும் கடையிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி மாறி வந்தாய். உன் குளிர்ச்சட்டை உன்மேல் இல்லை, படத்தின்மேல் இருந்தது. அம்மா கதவைத் திறந்து உன்னைப் பார்த்தாள், உன் உதட்டைப் பார்த்தாள், பிறகு சட்டை போட்டிருந்த படத்தைப் பார்த்தாள். “உனக்கு விசரே மகள்” என்று தொடங்கியவள் உனக்குத் தேத்தண்ணி ஊற்றி முடிக்கும் வரைக்கும் நிறுத்தவில்லை. நீ ஒன்றையும் காதில் போடாமல் அதை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாய்.

நான் பார்த்தேன். கறுப்பு மையில் ஒரு நகரம். நடுவில் ஒரு பெரிய கட்டிடம். அதற்குச் சுவர் இல்லை, யன்னல் இல்லை, கூரை இல்லை. வெறும் இரும்புச் சட்டங்கள் வானம் வரைக்கும் நின்றன, சுற்றிவரப் புகை. “எரிஞ்ச கட்டிடமோ மகள்?” என்று கேட்டேன். நீ சிரித்தாய். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாய். யுத்த காலத்தில் திருகோணமலையில் நான் பார்த்த அப்படிப்பட்ட கட்டிடங்கள் எல்லாம் ஒரு காலத்தில் முழுதாக இருந்தவை. கடைகளும் வீடுகளும் கூரை போய், யன்னல் போய், உள்ளே நின்று பார்த்தால் வானம் தெரியும்படி நின்றவை. சுவரில்லாமல் நிற்கிற ஒரு கட்டிடத்தைப் பார்த்தால் என் புத்தி அந்தப் பக்கம்தான் போகும். மறுபக்கம் ஒன்று இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை.

“இல்லை அப்பா, இது போறதில்லை, வாறது. கட்டுறது” என்றாய். என் விரலைப் பிடித்துப் படத்தின்மேல் ஒவ்வொரு இடமாக வைத்துக் காட்டினாய். அந்தப் புகை எரிகிற புகையல்ல, பாரம் தூக்கும் இயந்திரத்தின் நீராவி. அந்தக் கயிற்றின் நுனியில் தொங்குவது ஒரு இரும்புச் சட்டம், அதை எட்டிப் பிடிக்கக் கை நீட்டுகிறவன் ஒரு தொழிலாளி. கீழே தெருவில் குதிரை வண்டி, தொப்பி போட்ட பெண்கள், எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நியூயோர்க் என்று அடியில் பென்சிலால் எழுதியிருந்தது. செம்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் தோய்த்து, மை பூசிக் கடதாசியில் அழுத்தி எடுப்பது என்று விளக்கினாய். அழுத்தியபோது தகட்டின் ஓரம் கடதாசியில் பதிந்த பள்ளத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னாய். எனக்குப் படம் பிடித்ததோ இல்லையோ, கடதாசி பிடித்தது. நல்ல கனமான கடதாசி.

அதன்பிறகு ஒவ்வொன்றாக வந்தன. சிக்காகோ ஆற்றங்கரையில் ஒரு கோபுரம். பிட்ஸ்பர்க்கில் பனிக்குள் ஒரு கோபுரம். டிட்ரோயிட், பிலடெல்பியா, நியூயோர்க்கிலேயே இன்னொன்று. எல்லாம் பாதியில் நின்றவை. முடிந்த கட்டிடத்தின் படம் ஒன்றாவது வாங்கக்கூடாதா என்று அம்மா கேட்டாள், முடிந்தது வெளியில் தெருவிலேயே நிற்கிறதே என்று நீ சொன்னாய். எங்கள் விறாந்தை போன்ற அந்தச் சின்ன ஹோலில், சாமிப்படத்துக்கும் ரீ.விக்கும் நடுவில் ஆறு படங்கள் வரிசையாக ஏறின. வருகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒன்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். மகள் கட்டிடக்கலை படிக்கிறாள் என்று நான் சொன்னதும், அதற்குத்தானா என்று தலையை ஆட்டுவார்கள்.

பிறகு அதைச் சொல்ல முடியாமல் போனது. மூன்றாம் வருடத்தில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், கறியைப் பிசைந்துகொண்டே, படிப்பை விட்டுவிட்டதாகச் சொன்னாய். விடப்போவதாக இல்லை, விட்டுவிட்டதாக. “எனக்குக் கட்டிடம் கட்ட விருப்பமில்லை அப்பா. கட்டுறதைப் பாக்கத்தான் விருப்பம்” என்றாய். “பாக்கிறதுக்கு ஆர் மகள் சம்பளம் தருவான்?” என்று கேட்டேன். அது உண்மையாகவே என் கேள்வி, நக்கல் இல்லை. அடுத்த மாதமே ஒருத்தி தந்தாள். பழைய மொன்றியலில் பழைய அச்சுப்படங்கள் விற்கும் அந்த மதாம், உன்னை ஒரு கிழமை வைத்துப் பார்த்துவிட்டு, பத்து வருடமாகத் தான் அடையாளம் காண முடியாமல் வைத்திருந்த கட்டிடங்களுக்கு நீ ஊரும் பேரும் சொல்கிறாய் என்று சாவியையே கையில் தந்துவிட்டாள். அந்த வருடச் சரஸ்வதி பூசைக்கு அம்மா உன் புத்தகங்களுக்குப் பதிலாக அந்த ஆறு படங்களின் கண்ணாடிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அப்போதுதான் அவள் உன் பக்கம் போய்விட்டாள் என்று எனக்கு விளங்கியது. நான் கொஞ்சம் பிந்தித்தான் வந்தேன்.

லவாலுக்கு மெட்ரோ ஓடத் தொடங்கிய வருடம் அங்கிருந்து அந்த முதல் சம்பந்தம் வந்தது. அதைப்பற்றி இந்த வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை. ஆனால் இப்போது நீ நல்லபடியாக இருக்கிறாய், கதைக்கலாம். நடுவில் நின்றவர்கள் பெண் கட்டிடக்கலை படித்தவள் என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் திருத்தவில்லை. படித்தவள்தானே, முடிக்கவில்லை, அவ்வளவுதானே என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். பையனோடு நீ இரண்டு மூன்று தடவை கதைத்தாய், உனக்குப் பிடித்திருந்தது. மண்டபம் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்கு விஷயம் தெரிந்தது. “பாதியில விட்ட பிள்ளை” என்று அந்தத் தாய் ரெலிபோனில் சொன்னதை நீ மற்ற அறையில் இன்னொரு ரெலிபோனைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாய். அதோடு அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. அந்த மாரிகாலம் முழுக்க நீ வேலைக்குப் போனாய், வந்தாய், சாப்பிட்டாய், எங்களோடு சண்டை போடவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உன் அம்மா வேலை செய்யும் கார்டெறியில், அந்தக் குழந்தைகள் காப்பகத்தில், ஒரு பிள்ளை அழாமல் இருந்தால்தான் காய்ச்சல் பார்ப்பார்களாம். உன்னை நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நகரத்தின் மேற்குப் பக்கம் டொலார்ட்டிலிருந்து இரண்டாவது சம்பந்தம் வந்தபோது நீ ஒரே ஒரு நிபந்தனை சொன்னாய். “வரட்டும். ஆனா ஒண்டையும் மறைக்கிறேல்ல. படிப்பை விட்டதை நானே சொல்லுவன். படங்கள் சுவரிலதான் இருக்கும்.” நான் ஓம் என்றேன். ஓம் என்று சொல்லிவிட்டு, அவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை நீ பூ வாங்கப் போன நேரம் பார்த்து ஆறு படங்களையும் கழற்றி எங்கள் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். ஒரு கோயில் கலண்டரைக் கொண்டுவந்து நடுவில் ஒரு ஆணியில் மாட்டினேன். மற்ற ஐந்து ஆணிகளும் சும்மா நின்றன. ஏன் செய்தேன் என்று நீ கேட்கவில்லை, இப்போது சொல்கிறேன். பெண் பார்க்க வருகிற இடத்தில் பாதி வீட்டின் படம் ஒன்றே ஆகாது என்பார்கள், எங்களிடம் ஆறு. அந்தப் “பாதியில” என்ற சொல்லை அவர்களுக்கு நாமே எடுத்துக் கொடுக்கிறோமே என்று நினைத்தேன். நீ இன்னொரு தடவை அந்த மாரிகாலத்துக்குள் போவதை நான் பார்க்க மாட்டேன் என்று நினைத்தேன்.

நீ பூவோடு வந்தாய். சுவரைப் பார்த்தாய். கத்துவாய் என்று காத்திருந்தேன். “அப்பா, சுத்தியல் எங்க?” என்று மட்டும் கேட்டாய், ஒரு ஆணி ஆடிக்கொண்டிருந்ததாம். அம்மா கட்டிலுக்குக் கீழே குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துத் தந்தாள். சேலை கட்டிக்கொண்டு கதிரையில் ஏறி நின்று நீ ஆணி அடித்ததைப் பார்த்தபோது எனக்குக் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது, எதை முகத்தில் வைப்பதென்று தெரியாமல் குசினிக்குள் போய் வடை எண்ணெயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கலண்டர் அங்கேதான் வந்து சேர்ந்தது, குளிர்சாதனப்பெட்டிக் கதவில்.

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, இப்போது உனக்கு மாமா மாமியான அவரின் தாய் தகப்பன். மாமா உள்ளே வந்ததும் தேத்தண்ணி நன்றாக இருக்கிறது என்றார், அப்போது தேத்தண்ணி வரவேயில்லை. அவர் அப்படித்தான் என்று இப்போது தெரியும். மாமி மட்டும் ஒன்றும் கதைக்கவில்லை. தகப்பன் பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, சமைக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை. இருந்த இடத்திலிருந்து எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தா. நீ கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி அவவின் முன்னால் ஆடை கட்டியது. மாமா நூறு கதை சொன்னார், நான் எல்லாவற்றுக்கும் சிரித்தேன், ஒன்றும் என் காதில் ஏறவில்லை. என் மனதுக்குள் அந்த லவால் தாயின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. முடிந்தது என்றுதான் நினைத்தேன். அம்மாவைப் பார்த்தேன், அவளும் அப்படித்தான் நினைத்தாள் என்பது அவள் முந்தானையைத் திருகிய விதத்தில் தெரிந்தது.

மாமி எழும்பினா. போகத்தான் எழும்புகிறா என்று நானும் எழும்பிவிட்டேன். அவ சுவருக்குப் பக்கத்தில் போய், சிக்காகோப் படத்துக்கு முன்னால் நின்று, உன்னைத் திரும்பிப் பார்த்து மெதுவாகக் கேட்டா.

“பிள்ளை, இது எரிஞ்சதா, கட்டுறதா?”

நான் கேட்ட அதே கேள்வி. நீ போய் அவவுக்குப் பக்கத்தில் நின்றாய்.

“கட்டுறது, மாமி.”

“என்னண்டு தெரியும்?”

எனக்கு நீ நீராவியையும் கயிற்றையும் காட்டியது போல அவவுக்கும் காட்டுவாய் என்று நினைத்தேன். நீ அப்படிச் செய்யவில்லை. படத்தைக் கழற்றி அவவின் கையில் கொடுத்தாய். கட்டிடத்தின் உச்சியைக் காட்டினாய். நான் எத்தனையோ வருடம் பார்த்த படம், அந்த இடத்தை நான் கவனித்ததே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே இருந்த இரும்புச் சட்டத்தில், விரல் நகமளவில், ஒரு சின்னக் கிறிஸ்மஸ் மரம் கட்டியிருந்தது.

“கடைசிச் சட்டத்தை ஏத்தேக்க வேலை செய்யிற ஆக்கள் இப்பிடி ஒரு மரத்தைக் கட்டி ஏத்துவினம், மாமி. நல்லபடியா மேல வந்திட்டம் எண்டு. இப்பவும் கட்டுறவை.”

மாமி கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தா. “எங்கட ஆக்கள் வெருளி கட்டுற மாதிரி” என்றா.

வீடு கட்டும்போது நாவூறு கண்ணூறு படாமல் இருக்கச் சாரத்தில் வைக்கோல் பொம்மை கட்டித் தொங்கவிடுவோமே, அந்த வெருளி. உனக்கு அது தெரியுமா என்பதே எனக்குத் தெரியாது. நீ ஓம் என்று தலையாட்டினாய்.

“அப்ப கட்டுறதுதான்” என்றா மாமி. “எரிஞ்ச வீட்டில ஆரும் வெருளி கட்ட மாட்டினம்.”

பிறகு படத்தைக் கையில் வைத்துக்கொண்டே கதிரையில் இருந்தா. “எங்கட வீடும் கடைசியா நான் பாக்கேக்க உப்பிடித்தான் நிண்டது, உப்பிடித்தான் அங்கால வானம் தெரிஞ்சது. வந்த நேரம் துவக்கம் எனக்கு அதிலயே கண் போச்சுது. குறை நினைக்காதேங்கோ” என்று என்னைப் பார்த்துச் சொன்னா. நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. உன் அம்மா போய் அந்த ஆறிய தேத்தண்ணியை எடுத்துவிட்டுச் சுடச்சுட வேறு கொண்டுவந்தாள், மாமி அதைக் குடித்தா.

அந்த இடத்தில் நீ நிறுத்தியிருக்கலாம். நான் கண்ணாலேயே உனக்குச் சொன்னேன், காணும் மகள், இப்போது வேண்டாம், பேந்து சொல்லலாம். நீ என்னைப் பார்த்துவிட்டு, “நான் கட்டிடக்கலை படிக்கத் துவங்கி மூண்டாம் வருசம் விட்டனான், மாமி. முடிக்கேல்ல. முடிக்கிற எண்ணமும் இல்லை” என்றாய். மாமா கூடக் கதையை நிறுத்திவிட்டார். மாமி படத்திலிருந்து தலையைத் தூக்கி மகனைக் காட்டினா. “இவன் சோத்தைக்கூட ஒரு நாளும் முடிச்சதில்லை. நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சுப் பாருங்கோ” என்றா. மாப்பிள்ளை அப்போது பாதி வடையைக் கோப்பையில் வைத்துவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தார். முதலில் சிரித்தது நீதான். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. அப்போதே எனக்குப் பாதிப் பாரம் இறங்கிவிட்டது, கலியாணம் நடந்தாலும் சரி நடக்காவிட்டாலும் சரி என்று நினைத்தேன்.

நடந்தது, நல்லபடியாக நடந்தது. மண்டபத்தில் மைக் வேலை செய்யாததையும் மாமா மைக்கே இல்லாமல் அரை மணித்தியாலம் கதைத்ததையும் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாப்பிள்ளைக்குச் சிக்காகோவில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்ததாகச் சொன்னபோது நான் அழுவேன் என்று அம்மா எதிர்பார்த்தாள். நான் அழவில்லை. விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்து, சப்பாத்தைக் கழற்றி, கட்டிலில் விழுந்து, விடியும்வரை புரளாமல் நித்திரை கொண்டேன். பிள்ளையை அனுப்பிவிட்டு இப்படி நித்திரை கொள்கிற தகப்பனை எங்கும் பார்த்ததில்லை என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். நீ எங்கே போகிறாய் என்பதில்லை, எப்படிப் போகிறாய் என்பதுதான் எனக்கு இத்தனை நாளும் பயமாக இருந்தது. நீ ஒன்றையும் மறைக்காமல், தலையை நிமிர்த்திக்கொண்டு போனாய். எனக்கு அது போதும்.

புத்தி சொல்லாமல் ஒரு தகப்பன் கடிதம் முடிக்கக்கூடாது, ஆகவே கொஞ்சம் சொல்கிறேன். அந்த ஊரில் ஏரிக்காற்று எங்கள் குளிரைவிட மோசம் என்கிறார்கள். இனிமேல் குளிர்ச்சட்டையை நீயே போட்டுக்கொள், படங்களுக்குப் பெட்டி நான் தருகிறேன். மாப்பிள்ளை சாப்பாட்டை மிச்சம் விட்டால் உன் சமையல் சரியில்லை என்று முகத்தைத் தூக்காதே, தாயே சாட்சி சொல்லியிருக்கிறா. சண்டை வந்தால் பிடி. நீ சண்டை பிடிக்காமல் இருந்தால்தான் எனக்குக் கவலை, அதை மாப்பிள்ளைக்கும் இதிலேயே எழுதி வைக்கிறேன். யாராவது பேசாமல் உன்னை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் உடனே குற்றம் பிடிக்கிறார்கள் என்று நினைக்காதே. உன் மாமி அன்றைக்குப் பார்த்த பார்வையை நான் முழுக்கப் பிழையாகத்தான் எடுத்தேன். அவவின் கண்ணுக்குள் வேறொரு வீடு நின்றது. எனக்குள்ளும் அதே மாதிரி ஒன்று நின்றது, பக்கத்தில் இருந்தும் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நீ ஒரு மரத்தைக் காட்டினதால்தான் தெரிய வந்தது. உன் வேலையைச் சும்மா படம் விற்கிற வேலை என்று இனி நான் ஒருவருக்கும் சொல்ல மாட்டேன். சிக்காகோவிலும் அப்படி ஒரு கடை தேடிப் பிடித்துவிட்டாய் என்று நீ சொன்னபோது, ஆர் சம்பளம் தருவான் என்று நான் கேட்கவில்லை, கவனித்தாயா.

சரி, இப்போது நீ எண்ணலாம். ஐந்துதான் இருக்கும். சிக்காகோப் படம் பெட்டியில் இல்லை. அந்த ஊருக்கே போகிற பெட்டியில் அந்த ஊர்ப் படம் இல்லையே என்று அம்மாவும் சொன்னாள். கதையைக் கேள்.

போன சனிக்கிழமை மாமாவும் மாமியும் காரில் வந்தார்கள், சொல்லாமல் கொள்ளாமல். மாமி நேரே சுவருக்குப் போய், படங்களை நான் கீழே இறக்கி அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, “அந்த மரம் கட்டின படத்தை நான் கொண்டுபோறன்” என்றா. “அது பிள்ளையின்ர படம் எல்லோ, அவள் எல்லாத்தையும் அனுப்பச் சொன்னவள், கேக்காமல் என்னண்டு தாறது” என்றேன். “நான் அவளோட கதைக்கிறன்” என்றா. எப்போது என்று கேட்டேன். “பேந்து” என்றா. என்னால் அதற்குமேல் நிற்க முடியவில்லை, மகள். உன்னோடு வாதாடுவேன், உன் அம்மாவோடு வாதாடுவேன், அந்த மனுசியோடு எனக்கு வராது. பெட்டி செய்து தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டா. பின் ஆசனத்தில் படத்தைப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்து, அதற்கும் பெல்ட் போட்டுவிட்டு, டொலார்ட் வரைக்கும் ஒரு கையால் பிடித்துக்கொண்டே போயிருக்கிறா.

நேற்று மாமா ரெலிபோன் எடுத்தார். வழக்கம்போல மூச்சு விடாமல் கதைத்தார். “உங்கட படத்தை வாசலுக்கு நேர மாட்டியிருக்கிறா. என்ர தாய் தேப்பன்ர படத்தைக் கழட்டி அங்கால வைச்சிட்டா, நான் வாயே திறக்கேல்ல. ஆர் வந்தாலும் உதுக்கு முன்னாலதான் இருத்துறா. கோயில் ஆக்கள் வந்து, ஏன் எரிஞ்ச வீட்டை மாட்டி வைச்சிருக்கிறியள் எண்டு கேட்டவை. உடனே எழும்பி அவையைப் படத்துக்குக் கிட்டக் கூட்டிக்கொண்டு போய் உச்சியைக் காட்டி, ‘எரிஞ்சதில்லை, கட்டுறது. இஞ்ச பாருங்கோ, மரம் கட்டியிருக்கினம். இதெல்லாம் என்ர மருமகளுக்குத்தான் தெரியும்’ எண்டு சொல்லுறா.”

ஹோல் சுவரில் ஆறு ஆணிகளும் அப்படியே நிற்கின்றன. அம்மா பிடுங்கச் சொல்கிறாள், நான் இன்னும் பிடுங்கவில்லை. இனி உன் கோபம் எவ்வளவு மிச்சமோ அவ்வளவுக்கும் ரெலிபோனை எடு. ஆனால் எனக்கு எடுக்காதே, மாமிக்கு எடு.

அப்பா